சிந்தாமணியை விற்றவன்

நான் கல்லூரியில் படித்தது இரண்டே வருஷம். அந்த இரண்டு வருஷத்தில் அங்கே என்ன கற்றுக்கொண்டாய் என்று யாராவது கேட்டால், பெரிய புத்தகத்துக்குள் சின்னப் புத்தகத்தை வைத்துப் படிக்கக் கற்றுக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். தர்க்க சாஸ்திரப் புத்தகம் நல்ல அகலம். எந்த நாவலும் அதற்குள் அடங்கும். உட்காருவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கடைசி பெஞ்சு ஆகாது. எல்லா ஆசிரியர்களுக்கும் கடைசி பெஞ்சின் மேல் ஒரு கண் இருக்கும். அதற்கு முந்தின பெஞ்சு உத்தமம்.

தமிழ்ப் பாடத்துக்குச் சீவக சிந்தாமணியிலிருந்து ஒரு பகுதி வைத்திருந்தார்கள். ஏமாங்கத நாட்டின் வளத்தைச் சொல்லும் பகுதி. ஒரு தென்னை மரத்திலிருந்து முற்றின தேங்காய் விழுகிறது. விழுகிற வேகத்தில் பாக்குக் குலையைச் சிதற அடித்து, தேன் கூட்டைக் கிழித்து, பலாப்பழத்தைப் பிளந்து, மாங்கனியை உதிர்த்து, வாழைப்பழத்தையும் சிந்த வைக்கிறது. அப்பேர்ப்பட்ட செழிப்பான நாடு என்று அர்த்தம். எங்களைப் பொறுத்த மட்டில் அந்தத் தேங்காய் நேராக எங்கள் தலையில்தான் விழுந்தது. என்னிடம் இருந்த பிரதி எனக்கு முன்னால் இரண்டு பேரிடம் இருந்தது. அவர்களில் ஒரு புண்ணியவான் அந்தப் பாட்டின் ஓரத்தில் சிவப்பு மசியால் 'மிக முக்கியம்' என்று எழுதி மூன்று கோடு போட்டிருந்தான். பாட்டையும் பொருளையும் மனப்பாடம் செய்தேன். பரீட்சையில் அந்தக் கேள்வியே வந்தது. எழுதிவிட்டு வெளியே வந்தேன். மறுநாள் காலையில் கடைத்தெருவுக்குப் போய்ப் புத்தகத்தை விற்றுவிட்டேன். கிடைத்த சில்லறையை வாடகை நூல் நிலையத்தில் பழைய பாக்கிக்குக் கட்டி ஒரு துப்பறியும் நாவலை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

அந்த நாவலின் பெயர் இன்று எனக்கு ஞாபகம் இல்லை. அட்டையில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. அது மட்டும் நினைவிருக்கிறது.

இதைப் பற்றி வெகு காலம் எனக்கு வெட்கம் ஏற்படவில்லை. வெட்கத்துக்குப் பதிலாகப் பெருமைகூட இருந்தது. நாலு கதை எழுதிப் பெயர் வந்து, கூட்டங்களில் பேசக் கூப்பிடத் தொடங்கிய பிறகு, "பாடம் வேறு, படிப்பு வேறு, ஆசைப்பட்டுப் படிப்பதுதான் படிப்பு, அடித்துப் படிக்க வைப்பது படிப்பே அல்ல" என்று முழங்குவேன். மாணவர்கள் கை தட்டுவார்கள். சிந்தாமணியை விற்ற கதையையும் சொல்லி முடித்தால் இன்னும் பலமாகத் தட்டுவார்கள்.

இந்தப் பேச்சு என்னிடமிருந்து போனதற்கு ஒரு காய்ச்சல் காரணம். ஒரு கல்யாணத்துக்காக அத்தை ஊருக்குப் போனவன், அங்கேயே படுத்துக்கொண்டேன். பத்து நாள் கஞ்சி. கையில் கொண்டுபோன புத்தகம் இரண்டாம் நாளே தீர்ந்துவிட்டது. "அத்தை, படிக்க ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டேன். "உனக்குப் பிடிக்குமோ என்னமோடா, என் மாமியார் காலத்துச் சரக்கு பரணில் கிடக்கிறது" என்று சொல்லி, ஒரு தடித்த கட்டை இறக்கித் தூசு தட்டிக் கொடுத்தாள். பத்திரிகைத் தொடர்களை வாரா வாரம் கிழித்து வைத்து, முடிந்ததும் கோணி ஊசியால் தைத்துக் காக்கி அட்டை போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் வீட்டுப் பெண்களிடம் ஒரு காலத்தில் இருந்ததே, அந்த மாதிரிக் கட்டு. ஏதாவது நாவலாக இருக்கும் என்று பிரித்தேன். 'என் சரித்திரம்' என்று இருந்தது.

மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கையை ஆனந்த விகடனில் 1940 ஜனவரி முதல் வாரந்தோறும் எழுதிவந்தார். 1942 ஏப்ரல் 28-ஆம் தேதி அவர் காலமானபோது தொடர் பாதியில் நின்றுபோயிற்று. அத்தையின் மாமியார் அது நின்ற இடத்திலேயே தைத்து அட்டை போட்டிருந்தாள். அந்த அம்மாள் நன்னூல் படித்தவள் அல்ல; அந்தாதிக்கும் கலம்பகத்துக்கும் வித்தியாசம் அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஒரு வாரம்கூட விடாமல் சேர்த்திருந்தாள். அவளைப் படி என்று சொன்னவர் யார்?

நானும் கதை படிப்பது போலத்தான் படித்தேன். 1855-இல் பிறந்த உத்தமதானபுரத்துப் பையன். தகப்பனார் சங்கீத வித்துவான். ஊர் ஊராகக் குடிபோய்ப் பிழைப்பவர். பையனுக்குப் பாட்டில் நாட்டம் போதாது; தமிழ் மேல் பைத்தியம். இங்கிலீஷ் படித்தால் இந்த உலகத்தில் சௌக்கியமாக இருக்கலாம், சம்ஸ்கிருதம் படித்தால் மறு உலகத்துக்கு நல்லது, தமிழ் படித்தால் இரண்டுமில்லை என்று பெரியவர்கள் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியும் அந்தப் பையன் கேட்கவில்லை. அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று எந்த ஊரில் தமிழ் தெரிந்தவர் இருந்தாலும் தகப்பனார் அங்கே குடித்தனத்தைக் கொண்டுபோனார். கடைசியில் 1871-இல், இன்று மயிலாடுதுறை என்று வழங்கும் மாயூரத்தில், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அங்கே நடந்த ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிள்ளையவர்களுக்குச் செடி கொடிகளில் பிரியம் அதிகம். புதிதாக நட்ட மரங்கள் தளிர் விட்டிருக்கின்றனவா என்று விடியற்காலையில் தோட்டத்தைச் சுற்றி வருவார். பையன் இதைக் கவனித்தான். அவருக்கு முன்னால் எழுந்துபோய், எந்தக் கிளையில் புதுத் தளிர் விட்டிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் காட்டுவான். அவருக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போது சந்தேகங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வான். புத்தகத்தை ஒளித்து வைத்துப் படிக்க நான் செய்த தந்திரத்துக்கும், பாடம் சொல்ல வைக்க அவர் செய்த தந்திரத்துக்கும் உள்ள தூரத்தை நினைத்துக்கொண்டு கஞ்சியைக் குடித்தேன்.

அந்தக் காலத்தில் புத்தகம் படிப்பது என்றால் என்ன என்பதைச் சற்றுச் சொல்ல வேண்டும். இப்போது நாம் செய்வது போலத் தனியாக மூலையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு கண்ணை ஓட்டுவது அல்ல. 'பாடம் கேட்பது' என்று பெயர். ஆசிரியர் முன்னால் உட்கார வேண்டும். ஏட்டை வைத்துக்கொண்டு ஒருவர் செய்யுளை வாசிக்க வேண்டும். ஆசிரியர் பொருள் சொல்வார். ஏடு இல்லாதவர்கள் பிரதி செய்துகொள்ள வேண்டும். ஆகவே ஆசிரியர் எந்த நூலைத் தொடுகிறாரோ அதுதான் மாணவனுக்குப் புத்தகம். அவர் தொடாதது உலகத்திலேயே இல்லாத மாதிரி. மாயூரத்திலும் திருவாவடுதுறை மடத்திலும் அந்த நாளில் புழங்கியவை தல புராணங்களும் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா வகைகளும், கம்பரும், பெரிய புராணமும். சாமிநாதையர் அத்தனையையும் ஆசை தீரப் படித்தார். யாரும் அவரைப் பிரம்பால் அடிக்கவில்லை. பரீட்சை இல்லை, பட்டம் இல்லை. நான் மேடையில் முழங்கினேனே, அந்த 'ஆசைப் படிப்பு', அதற்கு இவரைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்று முதலில் எனக்கு உற்சாகம்கூட வந்தது.

பிள்ளையவர்கள் 1876-இல் சிவபதம் அடைந்தார். 1880 பிப்ரவரியில் சாமிநாதையருக்குக் கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதர் வேலை கிடைத்தது. அதே வருஷம் அந்த ஊருக்குச் சேலம் இராமசாமி முதலியார் என்பவர் முன்சீபாக மாற்றலாகி வந்தார். மடத்துத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் சொன்னதன் பேரில் ஐயர் அவரைப் பார்க்கப் போனார். அது 1880 அக்டோபர் 21-ஆம் தேதி, வியாழக்கிழமை. நாளும் கிழமையும் அறுபது வருஷம் கழித்து எழுதும்போதுகூட அவருக்கு மறக்கவில்லை. அன்று நடந்தது அப்படி.

முதலியார் வந்தவரை உட்காரச் சொல்லி, யாரிடம் படித்தீர்கள் என்று விசாரிக்கிறார். மகாவித்துவான் பெயரைச் சொன்னாலே எழுந்து நின்று கும்பிடுகிறவர்களைப் பார்த்துப் பழகியவர் ஐயர். முதலியார் முகத்தில் அசைவில்லை. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். ஐயர் அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, தூது என்று வகை வகையாக அடுக்குகிறார். இதனாலெல்லாம் என்ன பயன் என்கிறார் அவர். ஐயர் பெரிய நூல்களைச் சொல்கிறார். அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டே போய், சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்திருக்கிறீர்களா என்கிறார் முதலியார். அவை எதையும் ஐயர் பார்த்ததில்லை. அவருடைய ஆசிரியர் பாடம் சொன்னதில்லை.

அந்தப் பக்கத்தில் நான் கட்டை மூடிவிட்டேன். அவர் பார்த்ததே இல்லை என்று தலைகுனிந்த புத்தகத்தைத்தான் நான் துப்பாக்கி அட்டைக்காக விற்றிருந்தேன்.

மறுபடி திறந்து படித்தேன். புத்தகம் கிடைத்தால் படிக்க முடியும் என்று ஐயர் துணிந்து சொன்னார். முதலியார் தம்மிடமிருந்த கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து, படித்துத் தமக்கும் சொல்லச் சொன்னார். சற்று யோசித்துப் பாருங்கள். இது ஆசைப் படிப்பா, கட்டாயப் படிப்பா? கட்டாயம்தான். ரோஷத்தினால் வந்த கட்டாயம். காலேஜில் பண்டிதர் வேலை. எதிரே உட்கார்ந்திருப்பவர் முன்சீப். தெரியாது என்று கைவிரித்தால் குருநாதரின் பெயருக்கும் சேர்த்து இழுக்கு. வீட்டுக்கு வந்து பிரித்தால் கடவுள் வாழ்த்திலேயே தடுக்குகிறது. எந்தச் சுவாமியைச் சொல்கிறது என்று தெரியவில்லை. நூல் ஜைன நூல். ஐயரோ சைவ மடத்தில் வளர்ந்தவர். நச்சினார்க்கினியர் உரையைப் பார்த்தால் அவர் எங்கெங்கிருந்தோ மேற்கோள் காட்டுகிறார். எந்த நூல் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. ஒரு பூட்டைத் திறக்கப் போனால் உள்ளே ஒன்பது பூட்டு.

ஆசையாகப் படித்தவை அவ்வளவும் ஆசிரியருடைய வேலிக்குள் இருந்தவை. வேலிக்கு வெளியே அவரைத் தள்ளியது ஒரு முன்சீபின் அலட்சியம். இது என் மேடைப் பேச்சுக்கு ஒத்துவரவில்லை.

இன்னொன்றும் ஒத்துவரவில்லை. கும்பகோணத்தில் அப்போது சில ஜைனக் குடும்பங்கள் இருந்தன. அந்த மதத்தின் பரிபாஷைகளைத் தெரிந்துகொள்ள ஐயர் அவர்களைத் தேடிப் போனார். ஒரு நாள் ஒரு வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம். என்ன விசேஷம் என்று கேட்டால், சிந்தாமணி படித்து வந்தோம், இன்றைக்குப் பூர்த்தியாயிற்று, அதற்காகத்தான் என்கிறார்கள். வித்துவான்கள் பார்த்ததே இல்லை என்ற நூல், நாலு தெரு தள்ளி ஒரு குடும்பத்தில் தோரணம் கட்டிப் படித்து முடிக்கப்படுகிறது! அவர்களுக்கு அது இலக்கியம் அல்ல, கடமை. பெரியவர்கள் படித்தார்கள், நாமும் படிக்க வேண்டும் என்ற முறை. ஓலைச்சுவடிக்கு ஆயுசு கொஞ்சம். யாராவது மறுபடி மறுபடி பிரதி செய்தால்தான் நூல் பிழைக்கும். தேவையில்லை என்று கருதப்பட்ட ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டதும் உண்டு, அக்கினியில் இட்டதும் உண்டு. ஐயரே வயிறெரிந்து எழுதியிருக்கிறார். சிந்தாமணி அப்படிப் போகாமல் இருந்ததற்கு இந்த மாதிரி வீடுகளின் கட்டாயப் படிப்பும் ஒரு காரணம் என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆசைப்பட்டுப் படித்தவர்களும் இல்லாமல் போகவில்லை. அநபாய சோழன் என்று பெயர் பெற்ற இரண்டாம் குலோத்துங்கன், பன்னிரண்டாம் நூற்றாண்டில், சிந்தாமணியை ரொம்ப ரசித்துப் படித்துக்கொண்டிருந்தானாம். மந்திரி சேக்கிழாருக்கு அது பொறுக்கவில்லை. ராஜாவை அதிலிருந்து திருப்புவதற்காகவே பெரிய புராணம் பாடினார் என்று சேக்கிழார் புராணம் சொல்கிறது. நடந்ததோ இல்லையோ, நாவல் படிக்கிற பிள்ளையைப் பார்த்துத் தகப்பனார்கள் படும் கவலை எவ்வளவு பழையது என்று தெரிகிறது. ராஜா ரசித்ததில் ஆச்சரியமில்லை. கதாநாயகன் சீவகன் எட்டுப் பெண்களைக் கல்யாணம் செய்துகொள்கிறான். நூலுக்கே 'மணநூல்' என்று இன்னொரு பெயர் உண்டு. பதின்மூன்று இலம்பகம், மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டு. இந்த எட்டுக் கல்யாணத்தில் ஒன்றையாவது எங்கள் ஆசிரியர் காதில் போட்டிருந்தால் நான் புத்தகத்தை விற்றிருக்க மாட்டேன்! பாவம், அவர் என்ன செய்வார்? பாடத்திட்டத்தில் தேங்காய் மட்டும்தான் இருந்தது.

இங்கே என் தொழிலைச் சேர்ந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. ஐயர் படித்த அதே மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர் வேதநாயகம் பிள்ளை; மகாவித்துவானின் சிநேகிதர். அவர்மேல் மகாவித்துவான் குளத்தூர்க் கோவை பாடியிருக்கிறார். தமிழில் செய்யுள் நிறைய இருக்கிறது, வசனத்தில் படிக்க ஒன்றுமில்லை என்ற குறையினால் வேதநாயகம் பிள்ளை 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதி 1879-இல் வெளியிட்டார். தமிழின் முதல் நாவல். அதற்கு அடுத்த வருஷம்தான் கும்பகோணத்து முன்சீப் கையிலிருந்து சிந்தாமணி ஐயர் கைக்கு மாறியது. ஒரு முன்சீப், ஆசிரியர் இல்லாமல் யாரும் தாமாகவே படிக்கக்கூடிய கதையைத் தமிழுக்குக் கொடுத்தார்; இன்னொரு முன்சீப், எந்த ஆசிரியரும் பாடம் சொல்லாத காவியத்தைத் தேடிப் படிக்க வைத்தார். இரண்டும் காவேரிக் கரையில், ஒன்றிரண்டு வருஷத்துக்குள். கோர்ட்டில் வழக்குகள் எந்தக் கதியில் நடந்தன என்று தெரியவில்லை. தமிழுக்கு நல்ல காலம்.

பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்த கதை. 1868-இல் போவர் பாதிரியார் சிந்தாமணியின் முதற் பகுதியான நாமகள் இலம்பகத்தை மட்டும் அச்சிட்டிருந்தார். முழு நூலையும் அச்சிடும்படி இராமசாமி முதலியார் ஐயரைத் தூண்டினார். ஐயர் சுவடிகளுக்காக அலைந்தார். முன்கூட்டிக் கையொப்பம் வாங்கிப் பணம் சேர்த்தார். காலேஜ் விடுமுறைகளில் சென்னைக்கு வந்து அச்சுத் தாள்களைத் திருத்தினார். 1887-இல் சிந்தாமணி வெளிவந்தது. பெயர் சொல்லாத அந்த மேற்கோள்களைத் துரத்திக்கொண்டு போனதில் பத்துப்பாட்டு 1889-இல், சிலப்பதிகாரம் 1892-இல், புறநானூறு 1894-இல், மணிமேகலை 1898-இல் வந்தன. முதலியார் 1892-லேயே இறந்துபோனார். அவர் கேட்ட மூன்று நூலில் மூன்றாவது அச்சானதை அவர் பார்க்கவில்லை.

அச்சானவை பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் பாடமாக வந்தன. அப்படி வந்ததில் ஒன்றுதான் சிவப்பு மசியில் மூன்று கோடு போட்ட என் பிரதி. ஒரு மனுஷர் கண்ணைக் கெடுத்துக்கொண்டு மீட்ட நூல், பலபேர் கை மாறி, முக்கியம் முக்கியமில்லை என்று கோடு வாங்கி, கடைசியில் நான் கொண்டுபோய்ப் போட்ட பழைய புத்தகக் கடையில் போய் உட்கார்ந்தது.

காய்ச்சல் விட்டு ஊருக்குத் திரும்பும்போது அத்தையிடம் அந்தக் கட்டைக் கேட்டேன். "படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடு. மாமியார் தைத்தது" என்றாள். இன்னும் கொடுக்கவில்லை. ஊருக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பழைய புத்தகக் கடைகளில் ஏறி இறங்கி ஒரு சிந்தாமணி வாங்கினேன். முழு நூல், உரையோடு. என் பழைய பிரதியாக இருக்குமோ என்று ஓரத்தைப் புரட்டிப் பார்த்தேன். அந்த மாதிரி அதிசயங்கள் என் கதைகளில் வரும், கடைகளில் வருவதில்லை. விற்ற விலையைப் போல எத்தனை மடங்கு கொடுத்தேன் என்பதை வீட்டில் சொல்லவில்லை.

ஒரு பத்திரிகை நடத்தும் நாவல் போட்டிக்கு என்னை நடுவராகப் போட்டிருக்கிறார்கள். நாற்பத்திரண்டு கையெழுத்துப் பிரதிகள் மேஜை மேல் இருக்கின்றன. கடைசித் தேதி நெருங்கிவிட்டது. எழுதினவர்கள் ஒவ்வொருவரும் ஆசையோடு எழுதியிருப்பார்கள். எனக்கோ அவை கட்டாயப் பாடம். இந்த இரண்டு மூன்று வருஷமாகவே எனக்கு எல்லாம் கட்டாயப் பாடமாகிவிட்டது. முன்னுரைக்கு ஒன்று, மதிப்புரைக்கு ஒன்று, சிநேகிதத்துக்கு ஒன்று. கையில் பென்சில் இல்லாமல் ஒரு புத்தகத்தைப் பிரித்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

நேற்று மத்தியானம் போட்டி நாவல் ஒன்றை விரித்து, அதற்குள் சிந்தாமணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாமகள் இலம்பகம். ஏமாங்கதத்துத் தேங்காயைத் தாண்டிவிட்டேன். பரீட்சைக்கு வைத்த பகுதிக்கு இரண்டு விரல்கடை தள்ளி இப்படி ஒரு கதை காத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. சச்சந்தன் ராணியின் மோகத்தில் ராஜ்யத்தை மந்திரியிடம் ஒப்படைக்கிறான். மந்திரி கட்டியங்காரன் சூழ்ந்துகொண்டு ராஜாவைக் கொன்றுவிடுகிறான். நிறைமாதக் கர்ப்பிணியான விசயை, மயில் வடிவமாகச் செய்த பொறியில் ஏறி ஆகாயத்தில் பறந்து தப்பி, ராத்திரியில் சுடுகாட்டில் இறங்குகிறாள். அங்கேயே குழந்தை பிறக்கிறது. இருபது வருஷமாகத் தொடர்கதை எழுதுகிறேன். 'தொடரும்' போட இதைவிடச் சிறந்த இடம் எனக்கு ஒரு நாளும் அகப்பட்டதில்லை.

அந்த நேரம் பார்த்து என் மனைவி காப்பியோடு வந்தாள். சட்டென்று போட்டி நாவலின் தாள்களை மேலே இழுத்து மூடினேன்.

"எத்தனை ஆச்சு?" என்றாள்.

"ஏழு" என்றேன். உண்மையில் மூன்று.

"நல்லா இருக்கா?"

"பரவாயில்லை. கொஞ்சம் வேகமாகப் போகிறது."

டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். காலடிச் சத்தம் சமையலறைப் பக்கம் மறைகிற வரைக்கும் காத்திருந்துவிட்டுத் தாள்களை விலக்கினேன். கந்துக்கடன் என்ற வணிகன் இறந்துபோன தன் குழந்தையை எடுத்துக்கொண்டு அந்தச் சுடுகாட்டுக்குள் வந்திருந்தான். தரையில் கிடக்கும் ராஜகுமாரனைப் பார்த்து எடுத்துக்கொண்டான். குழந்தை அப்போதுதான் தும்மியது.